ஒளிக்கண் குரோனோவை விட்டு ரேடாருக்கு மாறலாமா? எந்த எண்ணை நம்புவது?

#1 டெக்சஸ்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன். 6.5 கிரீட்மோர் தோட்டா போடும் போல்ட் ஆக்‌ஷன், 140 கிரெய்ன் (சுமார் ஒன்பது கிராம்) குண்டு, ரீலோடிங், அதாவது சுட்ட தோட்டாக் கூட்டில் வெடிமருந்தும் குண்டும் மறுபடி ஏற்றுவது, வீட்டிலேயே. பெரும்பாலும் 300 கெஜம்தான் சுடுவது. 1000 கெஜ ரேஞ்சுக்கு எப்போதாவது போவேன்.

குண்டின் வேகம் பார்க்க இதுவரை வைத்திருந்தது பழைய ஒளிக்கண் குரோனோ (குரோனோகிராஃப், வேகமானி). முக்காலி, ஒரு அடி இடைவெளியில் இரண்டு கண், மேலே வெள்ளைக் குடை. ரேஞ்சில் அதை முன்னால் கொண்டுபோய் வைக்க வேண்டுமென்றால் எல்லா லேனும் சுடுவதை நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டும். குண்டு குடைக்குள் நேராகப் போகிறதா என்று பார்த்துச் சரிசெய்ய இன்னொரு முறை நிறுத்தச் சொன்னால் பக்கத்து மேசைக்காரர் முறைப்பார். போதாக்குறைக்கு மேகம் வந்தால் ஒரு எண், வெயில் அடித்தால் வேறு எண்.

போன வாரம் நண்பர் கார்மின் ஸீரோ சி1 ப்ரோ என்ற சின்ன ரேடார் குரோனோ கொண்டுவந்தார். இரண்டையும் ஒரே சமயத்தில் ஓடவிட்டோம். கார்மின் எப்போதும் கூடுதலாகவே காட்டுகிறது. வித்தியாசம் சில குண்டுக்கு 10 எஃப்.பி.எஸ் (விநாடிக்கு அடி), சில குண்டுக்கு 25.

கேள்வி இரண்டு. இதில் எது உண்மை? இன்னொன்று, கார்மினில் இரண்டு விதமான லோடை (வெடிமருந்து, குண்டுச் சேர்க்கை) ஐந்தைந்து தோட்டா சுட்டேன். ஒன்றுக்கு எஸ்.டி., அதாவது வேகத்தின் திட்டவிலக்கம், 6, மற்றதுக்கு 11. 6 வந்ததை முடிவு பண்ணிக்கொண்டு நூறு தோட்டா செய்துவிடலாமா?

#2 குறிபார்ப்பவன்

கார்மின் வாங்குங்க ப்ரோ, முடிஞ்சுது கதை. பழைய குரோனோவை யாருக்காவது தானம் பண்ணிடுங்க. கைக்குள்ள அடங்குற பெட்டி, மேசையிலேயே வெச்சுக்கலாம், யாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டாம். எஸ்.டி. 6 சூப்பர் லோட். அதையே லாக் பண்ணுங்க.

#3 பட்டறைவாசி

தானம் பண்ணுவதற்கு முன்னால் அந்த 10 முதல் 25 வரை எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். நான் அளவீட்டுக் கருவிகளோடு வேலை பார்த்தவன். இரண்டு கருவி ஒத்துப்போகவில்லை என்றால் உடனே ஒன்றைப் பொய் என்று சொல்ல மனம் வராது.

முதலில், இரண்டும் ஒரே இடத்து வேகத்தைச் சொல்லவில்லை. உங்கள் ஒளிக்கண் குரோனோ குழல் வாயிலிருந்து 12, 15 அடி தள்ளி நிற்கிறது. அது சொல்வது அந்த இடத்து வேகம். ரேடார், குண்டு பறந்துபோகும் தூரம் முழுக்கப் பல புள்ளிகளில் வேகத்தைப் பார்த்து, பின்னோக்கிக் கணக்குப் போட்டு, வாயில் என்ன வேகம் இருந்தது என்று சொல்கிறது. உங்கள் 140 கிரெய்ன் குண்டு முதல் நூறு கெஜத்தில் கெஜத்துக்குச் சுமார் ஒன்றரை எஃப்.பி.எஸ் இழக்கும். ஐந்து கெஜத்துக்கு ஏழு, எட்டு. ஆக 10 வித்தியாசம் வந்த குண்டுகளில் இரண்டு கருவியுமே கிட்டத்தட்ட உண்மை பேசியிருக்கின்றன.

மீதிதான் கருவியின் தவறு. ஒரு அடி தூரத்தை 2700 எஃப்.பி.எஸ் குண்டு கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் 370 மைக்ரோ விநாடி. அதில் ஒரே ஒரு மைக்ரோ விநாடி பிசகினால் 7 எஃப்.பி.எஸ் போச்சு. கண்ணுக்கும் கண்ணுக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மாறியிருந்தால் 14 எஃப்.பி.எஸ். மடக்கும் மாடல்களில் கீல் தேய்ந்தாலே அவ்வளவு வந்துவிடும். அந்தக் கண் பார்ப்பதும் குண்டை அல்ல, வானத்து வெளிச்சத்தில் குண்டு உண்டாக்கும் சின்ன இருட்டை. சாய்வான வெயில் குண்டின் அடிவயிற்றில் பட்டுப் பளபளத்தால் ஒரு கண் சற்று முன்னால் விழிக்கும், ஒரு கண் சற்றுப் பின்னால். மேகத்துக்கும் வெயிலுக்கும் எண் மாறுவது இதனால்தான். குடை வைப்பதே வெளிச்சத்தைச் சமப்படுத்தத்தான்.

இதற்கு மருந்தும் பழசுதான்: இடைவெளியைக் கூட்டுவது. ஓய்லர் 35பி மாடலில் கண்களை நான்கடி இடைவெளியில் வைக்கலாம். அதே பிசகு கால்வாசி ஆகிவிடும். அதில் மூன்றாவதாக ஒரு கண்ணும் உண்டு. ஒரே குண்டை இரண்டு தடவை அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று தானே சோதித்துக்கொள்ளும். இன்றைக்கும் அதை விற்காமல் வைத்திருப்பவர்கள் வெறும் பழைமைப் பிரியர்கள் இல்லை.

#4 அளவுகோல்

பட்டறைவாசி ஐயா சொன்னதோடு ரேடார் பக்கத்தையும் சேர்க்கிறேன். இந்தப் பெட்டிகள் எல்லாம் டாப்ளர்தான். 24 கிகாஹெர்ட்ஸ் அலை, அலைநீளம் ஒன்றேகால் சென்டிமீட்டர். விலகிப்போகும் குண்டில் பட்டுத் திரும்பும்போது அதிர்வெண் குறையும். எவ்வளவு? வேகத்தை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுத்தால் போதும். 2800 எஃப்.பி.எஸ், அதாவது விநாடிக்கு 853 மீட்டர் போகும் குண்டுக்குச் சுமார் 137 கிலோஹெர்ட்ஸ். பத்து மீட்டர் ஏர் ரைஃபிளின் சின்ன ஈயக் குண்டான பெல்லட்டுக்கு 27 கிலோஹெர்ட்ஸ் சொச்சம். வெயில், மேகம், நிழல் எதுவும் இதில் தலையிடாது. இரண்டு புள்ளிக்கு நடுவில் கடிகாரம் ஓட்டும் வேலையும் இல்லை. அதிர்வெண்ணை அளப்பது மின்னணுவியலுக்குக் கைவந்த கலை.

கார்மின் சொல்லும் துல்லியம் ±0.1 சதவீதம். 2700-க்கு ±2.7 எஃப்.பி.எஸ்.

ரேடாருக்கும் கோணப் பிரச்சினை உண்டு. குழலுக்குப் பக்கத்தில் வைப்பதால் ஆரம்பத்தில் குண்டைச் சற்றுச் சாய்வாகப் பார்க்கும். 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், ஐந்து மீட்டர் தூரத்தில் அந்தச் சாய்வு இரண்டேகால் டிகிரி. அதனால் வரும் பிழை பத்தாயிரத்தில் எட்டு. குண்டு போகப்போக அதுவும் கரைந்துவிடும். சும்மா கிடக்கும் இடத்தில் வைக்காமல், குழல் வாய்க்குக் கொஞ்சம் பின்னால், பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி, இலக்கை நோக்கி வையுங்கள். மஸில் பிரேக் (உதைப்பைக் குறைக்கக் குழல் முனையில் வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் துண்டு) உள்ள துப்பாக்கி என்றால் வாயுவின் அடி நேராகப் பெட்டி மேல் விழாதபடி இன்னும் கொஞ்சம் பின்னால்.

#5 புது_வரவு

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். ரேஞ்சில் ஒருவர் பெரிய ஆரஞ்சு நிறத் தகடு மாதிரி ஒன்று வைத்திருந்தார். அதுவும் ரேடாரா? குழலிலேயே கத்தி மாதிரி கட்டிக்கொள்ளும் ஒன்றும் பார்த்தேன். விலை குறைவு என்றார்கள்.

#6 அளவுகோல்

ஆரஞ்சுத் தகடு லேப்ரேடார். கனடாக்காரர்கள் செய்தது. இந்த வட்டாரத்துச் சாதாரணச் சுடுநர்கள் கைக்கு முதலில் வந்த டாப்ளர் ரேடார் அதுதான். பழைய லேப்ரேடார் பெரும்பாலும் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுத்தான் கண் விழிக்கும். அதனால் நெருக்கமான ரேஞ்சில் பக்கத்து மேசை வெடிக்கும் விழித்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. ஏர் ரைஃபிள் சத்தம் போதாமல் தனி மைக் வைப்பார்கள். ஆனால் அது செய்யும் ஒரு வேலை கார்மின் பெட்டியில் இல்லை. குண்டைத் தூரம் வரை தொடர்ந்து, 50 கெஜத்தில் என்ன வேகம், 100-ல் என்ன வேகம் என்று தனித்தனியாகச் சொல்லும். குண்டு காற்றில் வேகம் இழக்கும் விகிதத்தைச் சொந்தமாகக் கணக்கிட விரும்புகிறவர்களுக்கு அது தங்கம்.

2023 கடைசியில் கார்மின் வந்தது. சத்தம் கேட்கக் காத்திருக்காது, ரேடாரிலேயே குண்டைப் பிடித்துக்கொள்ளும். அடுத்த வருஷமே கால்டுவெல், ஆத்லான் எல்லாம் அதே மாதிரி ரேடார் பெட்டியோடு வந்துவிட்டார்கள். போட்டி நல்லதுதான்.

குழலில் கட்டுவது மேக்னெட்டோஸ்பீட். குண்டு மேலே கடந்துபோகும்போது இரண்டு சுருள்களில் உண்டாகும் மின்காந்தச் சலனத்தை வைத்து அளக்கும். வேகம் நன்றாகவே சொல்லும், வெளிச்சத் தொல்லை இல்லை. ஆனால் குழல் முனையில் எடை தொங்குவதால் குண்டு படும் இடம் மாறும். வேகத்தையும் குழுவையும் (இலக்கில் துளைகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்பது) ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதைக் கட்டிக்கொண்டு சுட்ட குழுவை வைத்துத் துப்பாக்கியை எடைபோடாதீர்கள். வேகம் மட்டும் போதுமென்றால் தாராளமாக வாங்கலாம்.

#7 லெஸ்டர்_தமிழன்

வணக்கம். நான் இஞ்ச இங்கிலாந்தில ஃபீல்ட் டார்கெட் (வெட்டவெளியில தகட்டு இலக்குப் போட்டி) சுடுறனான், முழுக்க ஏர் ரைஃபிள். உங்களுக்குக் குரோனோ ஒரு பொழுதுபோக்கு. எங்களுக்கு அது சட்டம். இங்கிலாந்தில ஏர் ரைஃபிள் 12 அடி-இறாத்தல் சக்தியைத் தாண்டினால் அது சாதாரண ஏர் கன் இல்லை, ஃபயர்ஆர்ம் சேர்டிஃபிகேட் வேணும். பிஸ்டலுக்கு 6. ஸ்கொட்லாந்தில 2016 கடைசியில இருந்து அதுக்குக் கீழ உள்ளதுக்கும் லைசென்ஸ்.

கணக்கு லேசு. பெல்லட் எடையை கிரெய்னில எடுத்து, வேகத்தின்ர வர்க்கத்தால பெருக்கி, 450240 ஆல பிரிக்கவேணும். 8.44 கிரெய்ன் பெல்லட் 800 எஃப்.பி.எஸ் போனால் சரியா 12. ஆரும் அந்த விளிம்பில நிண்டு சுடமாட்டினம். 780 கிட்ட வைச்சால் 11.4, நிம்மதியா நித்திரை கொள்ளலாம்.

இதில கனபேர் கவனிக்காத விசயம் ஒண்டு இருக்கு. பிசிபி, அதான் காற்றுச் சிலிண்டர் ரைஃபிளில, பாரம் கூடின பெல்லட் போட்டால் வேகம் குறையும், ஆனா சக்தி கூடும். 8.44க்கு 11.5 காட்டுற அதே ரைஃபிள் 10 கிரெய்னுக்கு மேலே போட்டால் 12ஐத் தாண்டிப்போகலாம். பொலிஸ் சோதிச்சால் அவையளின்ர பெல்லட்டாலயும் சோதிப்பினம். ஸ்பிரிங் ரைஃபிளில பெரும்பாலும் மறுபக்கம், லேசான பெல்லட்டுக்குத்தான் சக்தி கூட. ஆகவே ஒரு பெல்லட்டால அளந்துபோட்டுச் சட்டத்துக்குள்ள நிக்கிறன் எண்டு நம்பியிருக்கக் கூடாது.

#8 கோவை10மீ

லெஸ்டர் அண்ணா சொன்ன மாதிரியே நம்மூர்லயும் கோடு இருக்குதுங்க. 2016 ஆயுத விதிகள் படி, 20 ஜூலுக்கு மேல சக்தி இருந்தாலும், 0.177 அங்குலத்துக்கு மேல குழல் விட்டம் இருந்தாலும் ஏர் கன்னுக்கு லைசென்ஸ் வேணும். 0.53 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல்னா விநாடிக்கு 275 மீட்டர், அதாவது 900 எஃப்.பி.எஸ். பெட்டி மேல 1000, 1200னு பெருசா அச்சடிச்சு விக்கறதைப் பாத்து சில பேர் பயந்துக்கறாங்க, சில பேர் பெருமைப்படறாங்க. அதெல்லாம் இறகு மாதிரி லேசான அலாய் பெல்லட் போட்டு எடுத்த எண்ணுங்க. ஈய பெல்லட் போட்டு குரோனோவுல விட்டா நிஜம் தெரிஞ்சிரும்.

போட்டிக்குச் சுடற 10 மீட்டர் ரைஃபிள் இந்தக் கோட்டுக்கு ரொம்பக் கீழங்க. விநாடிக்கு 170 மீட்டர் சுமார், ஏழரை ஜூல் கணக்கு. குழந்தைகளுக்குச் சொல்லித்தர்ற எடத்துல நான் குரோனோவை ரைஃபிளோட உடம்பு பாக்கத்தான் வெச்சிருக்கேன். சிலிண்டர்ல 200 பார் காத்து இருந்தாலும் உள்ள ரெகுலேட்டர் அதைக் குறைச்சு ஒரே அளவாத்தான் விடும். சிலிண்டர் அழுத்தம் ரெகுலேட்டர் அளவுக்குக் கீழ போனா வேகம் படிப்படியா விழும். சிலிண்டர் நிறைஞ்சிருக்கும்போதே எண் மேலயும் கீழயும் ஆடுச்சுன்னா ரெகுலேட்டரோ சீலோ வேலை கேக்குதுன்னு அர்த்தம்.

10 மீட்டர் தூரத்துல பெல்லட் சுமாரா 17 மில்லிமீட்டர் கீழ விழுதுங்க. வேகம் விநாடிக்கு 2 மீட்டர் மாறினா படற எடம் 0.4 மில்லிமீட்டர் மாறும். இலக்கோட நடுவுல இருக்கற பத்து மதிப்பெண் புள்ளி அரை மில்லிமீட்டர்தான். இப்ப தசமப் புள்ளியில எண்ணற காலத்துல அது சும்மா விட்டுற விஷயம் இல்லைங்க.

ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். இன்டோர்ல ஒளிக்கண் குரோனோ வெக்கறவங்க சாதா எல்.இ.டி. பல்பு, ட்யூப் லைட்டை நம்பாதீங்க. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல அது விநாடிக்கு 100 தடவை துடிக்கும். குண்டே இல்லாம கண்ணு விழிச்சுக்கும். அதுக்குன்னு இருக்கற அகச்சிவப்பு விளக்கு வெச்சாத்தான் ஆகும்.

#9 எண்கணக்கு

டெக்சஸ்காரனின் இரண்டாவது கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை. அதுதான் முக்கியமான கேள்வி. நான் புள்ளியியல் பாடம் எடுப்பவன், அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்து தோட்டாவில் எஸ்.டி. 6 வந்தால், அந்த லோடின் உண்மையான எஸ்.டி. 3.6 முதல் 17 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இது 95 சதவீத நம்பிக்கை எல்லை. 11 வந்த லோடுக்கு 6.6 முதல் 32 வரை. இரண்டு எல்லையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருக்கின்றன. ஐந்துக்கு ஐந்து ஒப்பிடும்போது, ஒரு எஸ்.டி. மற்றதைப்போல மூன்று மடங்குக்கு மேல் இருந்தால்தான் "இவை வேறு வேறு" என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். உங்களுடையது இரண்டு மடங்குகூட இல்லை.

பத்துத் தோட்டா சுட்டால் எல்லை 0.69 மடங்கு முதல் 1.83 மடங்கு வரை சுருங்கும். இருபதுக்கு 0.76 முதல் 1.46. இருபதுக்கு இருபது ஒப்பிட்டால், ஒரு எஸ்.டி. மற்றதைப்போல 1.6 மடங்கு இருந்தாலே வேறு வேறு என்று சொல்லலாம்.

இ.எஸ். பற்றியும் ஒரு வார்த்தை. அதிகபட்சத்தில் குறைந்தபட்சத்தைக் கழித்த அந்த எண், சுடச்சுட வளர்ந்துகொண்டே போகும். ஐந்துக்குச் சராசரியாக எஸ்.டி.யின் 2.3 மடங்கு, பத்துக்கு 3.1, இருபதுக்கு 3.7. ஒருவர் ஐந்து சுட்டு "என் இ.எஸ். 14" என்கிறார், இன்னொருவர் இருபது சுட்டு 22 என்கிறார். இரண்டும் அநேகமாக ஒரே தரமான லோட். ஆனால் பாராட்டு முதலாமவருக்குத்தான் போகும்.

#10 குறிபார்ப்பவன்

சார், வகுப்பறைக் கணக்கு ரேஞ்சுக்கு ஒத்துவராது. நான் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி ஒவ்வொரு அளவுக்கும் ஒரு தோட்டா சுடுவேன். வேகம் ஏறிட்டே போகும், ஒரு இடத்துல ரெண்டு மூணு அளவுக்கு அப்படியே தட்டையா நிக்கும். அதுதான் நோட். அந்த இடத்துல லோட் பண்ணினா மருந்து கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும் வேகம் மாறாது. பாதி உலகம் இப்படித்தான் பண்ணுது.

#11 எண்கணக்கு

தம்பி, பாதி உலகம் பண்ணுவதால் கணக்கு மாறாது. ஒவ்வொரு படிக்கும் வேகம் 10 எஃப்.பி.எஸ் ஏறுகிறது, லோடின் எஸ்.டி. 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட் என்று ஒன்றுமே இல்லை, சுத்தமான நேர்கோடு. அப்போதும் அடுத்தடுத்த இரண்டு தோட்டாவின் வேகம் 3 எஃப்.பி.எஸ்ஸுக்குள் வந்துநிற்க ஏழில் ஒரு வாய்ப்பு உண்டு. பத்துப் படி சுட்டால் நடுவில் ஒன்பது இடைவெளி. சராசரியாக ஒரு இடத்துக்குக் குறையாமல் "தட்டையாக" இருக்கும். நாளைக்கு அதே பத்தைச் சுட்டால் வேறு இடத்தில் இருக்கும்.

சோதித்துப் பாருங்களேன். மருந்தைப் படிப்படியாக ஏற்றும் அதே ஏணியை மறுபடி மறுபடி சுட்டு, தட்டை ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பார்த்தால் போதும். நின்றால் நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

#12 குறிபார்ப்பவன்

பார்த்துட்டு வரேன். தோட்டாச் செலவு உங்க கணக்குல.

#13 பட்டறைவாசி

வாத்தியார் சொன்னதில் கருவிக்கும் ஒரு பங்கு உண்டு. கருவியின் தாறுமாறும் லோடின் தாறுமாறும் வர்க்கமாகக் கூடும். லோடின் எஸ்.டி. 6, கருவியினுடையது 10 என்றால் திரையில் தெரிவது 11.7. பழைய ஓரடி குரோனோவில் நல்ல லோடும் சுமாரான லோடும் ஒரே மாதிரி தெரிந்தது இதனால்தான். கருவியினுடையது 2 என்றால் 6.3 தெரியும், கிட்டத்தட்ட உள்ளது உள்ளபடி. ரேடார் வந்ததில் உண்மையான லாபம் இங்கேதான் இருக்கிறது. இனி எண் சரியில்லை என்றால் பெட்டியைத் திட்ட முடியாது, அவ்வளவுதான்.

துல்லியம் பற்றிப் பேசும்போது பெஞ்சமின் ராபின்ஸை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. குண்டின் வேகத்தை உருப்படியாக அளந்து எழுதிய மனிதர், 1742-ல். ரேடாரும் இல்லை, மின்சாரமும் இல்லை. ஊசல் ஒன்றில் கனமான மரக்கட்டை, அதில் குண்டு பாய்ந்து உள்ளேயே தங்கும், கட்டை ஆடும். 10 கிராம் குண்டு விநாடிக்கு 500 மீட்டரில் வந்து 25 கிலோ ஊசலில் தங்கினால் கட்டை நகரும் வேகம் விநாடிக்கு வெறும் 20 சென்டிமீட்டர். மேலே எழும்புவது இரண்டே மில்லிமீட்டர். அதை யார் கண்ணால் அளப்பது? ஆனால் ஒரு மீட்டர் நீள ஊசலாக இருந்தால் அதே ஆட்டத்தில் பக்கவாட்டில் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் போகும். அவர் ஊசலில் ஒரு நாடாவைக் கட்டி, எவ்வளவு நாடா வெளியே இழுபட்டது என்று அளந்தார். மஸ்கெட் குண்டு விநாடிக்கு 1600 அடிக்கு மேல் போகிறது என்றும், காற்று அதை எல்லோரும் நினைத்ததைவிடப் பல மடங்கு இழுத்துப் பிடிக்கிறது என்றும் தெரிந்தது. கணித மேதை ஆய்லரே அந்த நூலை ஜெர்மனில் பெயர்த்து, சொந்த விளக்கமும் சேர்த்தார்.

அதே ராபின்ஸ் பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைப் பலப்படுத்த நம் கரைக்கு வந்து, 1751-ல் கடலூர் புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்துபோனார். கடலூர்க்காரர்கள் யாராவது இங்கே இருந்தால் தெரிந்துவைத்துக்கொள்ளட்டும் என்று சொன்னேன்.

1860-களில் பெல்ஜிய ராணுவ அதிகாரி லெ பூலாஞ்ஷே குண்டு கம்பியை அறுத்ததும் மின்காந்தம் பிடியை விட்டுக் கோல் விழும் வேகமானியைச் செய்தார். அதைப் பற்றி ஆரம்பித்தால் இந்த இழை எங்கேயோ போய்விடும்.

#14 மைனர்_பவர்

பிஸ்டல்காரன் ஒருவனின் இரண்டு காசு. யூ.எஸ்.பி.எஸ்.ஏ. (அமெரிக்க வேகச் சுடும் போட்டிச் சங்கம்) போட்டிகளில் குரோனோவே ஒரு ஸ்டேஜ் (கட்டம்). உங்கள் தோட்டாவை வாங்கி, குண்டை எடைபோட்டு, உங்கள் துப்பாக்கியிலேயே சுட்டுப் பார்ப்பார்கள். குண்டின் கிரெய்னை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் பவர் ஃபேக்டர். மைனர் என்ற கீழ்ப் பிரிவுக்கு 125 வேண்டும். 124 கிரெய்ன் குண்டு 1020 போனால் 126, பாஸ். 1000 போனால் 124, போட்டி முழுக்கப் பூஜ்யம். நடுவில் இருப்பது 20 எஃப்.பி.எஸ்தான். வெயில் காலத்து மதியத்தில் விளிம்பு பார்த்துச் செய்த லோட், குளிர்காலக் காலையில் கீழே விழுந்துவிடும். சில மருந்துகள் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு ஒரு எஃப்.பி.எஸ் வரை ஆடும். அங்கே எஸ்.டி.யை யாரும் கேட்க மாட்டார்கள், சராசரி எங்கே நிற்கிறது என்பதுதான் பிழைப்பு. நான் 130-க்குக் கீழே இறங்குவதில்லை.

#15 டெக்சஸ்காரன்

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கார்மின் சொல்லிவிட்டேன். நூறு தோட்டா திட்டத்தை ஒத்திவைத்துவிட்டேன். வாத்தியார் சார், ஒன்று மட்டும். நான் பெரும்பாலும் 300 கெஜம் சுடுகிறவன். 6-ஆ 11-ஆ என்று இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

#16 எண்கணக்கு

நேர்மையான பதில்: வேண்டாம். உங்கள் துப்பாக்கிக்கு 10 எஃப்.பி.எஸ் மாறினால் 300 கெஜத்தில் குண்டு ஏறி இறங்குவது கால் அங்குலத்துக்கும் குறைவு. அதைவிட உங்கள் மூச்சு அதிகம் நகர்த்தும். 100 கெஜத்தில் கண்ணுக்கே தெரியாது. 1000 கெஜத்தில் அதே 10 எஃப்.பி.எஸ் இரண்டரை மூன்று அங்குலம். எப்போதாவது அங்கே போகும் நாளுக்குத்தான் இந்தச் சண்டை.

300-க்கு உங்களுக்குத் தேவை சராசரி வேகம். பாலிஸ்டிக் ஆப்பில் (குண்டு எவ்வளவு தாழும் என்று கணக்கிடும் செயலி) போட வேண்டிய எண் அது. எஸ்.டி. பத்தே இருந்தாலும், பத்துத் தோட்டா சுட்டால் சராசரி ±7 எஃப்.பி.எஸ்ஸுக்குள் நின்றுவிடும். எஸ்.டி.யைவிட அது சீக்கிரம் கைக்கு வந்துவிடும்.

#17 பட்டறைவாசி

புதுக் குழல் என்றால் அந்தச் சராசரியையும் உடனே கல்வெட்டாக வெட்டாதீர்கள். முதல் நூறு, இருநூறு தோட்டாவுக்குள் பல குழல்கள் வேகம் கூடித்தான் நிலைக்கு வரும்.

#18 டெக்சஸ்காரன்

குழலில் அந்தக் கணக்கு தாண்டியாயிற்று ஐயா. அடுத்த முறை இரண்டு லோடையும் இருபது இருபது எடுத்துப் போகிறேன். ஒன்றை முடித்துவிட்டு மற்றதா, இல்லை மாற்றி மாற்றியா?

#19 எண்கணக்கு

மாற்றி மாற்றி. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கினால், சூடேறிய குழலும் ஏறிய வெயிலும் இரண்டாவதன் தலையில் விழும். பெட்டியில் இரண்டு செஷன் திறந்து மாற்றிக்கொண்டிருக்கச் சோம்பலாக இருந்தால், ஒரே செஷனில் ஒற்றைப்படைத் தோட்டா எல்லாம் ஒரு லோட், இரட்டைப்படை எல்லாம் மற்றது என்று சுடுங்கள். வீட்டுக்கு வந்து கோப்பைக் கணினிக்கு எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு குண்டைப் பெட்டி பிடிக்காமல் விட்டால் வரிசை புரண்டுவிடும், அதனால் பக்கத்தில் ஒரு காகிதமும் பென்சிலும் இருக்கட்டும். தோட்டா சூடான சேம்பரில் (குழலின் அடியில் தோட்டா உட்காரும் அறை) காத்துக்கிடக்க வேண்டாம், சுடத் தயாரான பிறகு ஏற்றுங்கள்.

#20 குறிபார்ப்பவன்

எண்களை இங்கேயே போடுங்க ப்ரோ. என் ஏணியும் ஞாயிறு வருது.